முதல் பந்தி

"மச்சான், சமையல் மாஸ்டர் நல்லகண்ணு வரல. அடுப்பே இன்னும் பத்த வைக்கல!"

மூச்சு வாங்க ஓடி வந்து நின்றான் அழகர். பட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்த கர்ணன், மைத்துனனை ஏற இறங்கப் பார்த்தார். உத்தமபாளையத்து மண்டபத்தில் அன்று காலை அவர் மகள் சினேகாவுக்குக் கல்யாணம்.

"நல்லகண்ணு எங்க நிக்கிறான்?"

"குமுளியில. ஒரே முகூர்த்தத்துல அங்கன ஒரு கல்யாணத்தையும் ஒத்துக்கிட்டு, இங்கனக்குத் தம்பியை அனுப்பியிருக்காரு. அந்தத் தம்பி வர்ற வழியில லோயர் கேம்ப்புல குடிச்சிட்டுக் கெடக்கானாம். இப்பத்தான் போன்ல சொன்னாக."

"சரி, பதறாத. காலை இட்லிக்கு ஓட்டல்ல சொல்லிரு. மாப்ள வீட்டுக்காரக காதுக்குப் போயிறக் கூடாது."

அழகர் ஓடினான். கர்ணன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. சொந்த ஊரான அனுமந்தன்பட்டியில் அவருக்குப் பெயரே 'மிலிட்டரி'தான். வாய்க்கால் தகராறோ, கோயில் வரித் தகராறோ, அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றால் பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

மணப்பெண் அறையிலிருந்து அவர் மனைவி பாண்டீஸ்வரி வெளியே வந்து கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"எல்லாம் காதுல விழுந்துச்சு. போயி அடுப்பைப் பத்த வைங்க."

"யாரு, நானா?"

"பின்ன? பட்டாளத்துல இருபது வருசமா அண்டா அண்டாவா ஆக்கிப் போட்டீகளே, சொந்த மக கல்யாணத்துக்கு ஆக்க மாட்டீகளா?"

கர்ணன் சட்டென்று சுற்றும் முற்றும் பார்த்தார். "மெல்லப் பேசுடி!"

பாண்டீஸ்வரி ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த சங்கதி அது. பட்டாளத்தில் சமையல்கூடத்தை லங்கர் என்பார்கள். கர்ணன் சர்வீஸ் முழுக்க நின்றது அந்த லங்கரில்தான். துப்பாக்கியைப் பயிற்சிக்குத் தொட்டதோடு சரி. ஊரில் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அது பொய்யில் சேராது என்று இத்தனை நாள் சமாதானமாக இருந்தார்.

வம்பு வந்தது சம்பந்தி கோட்டைச்சாமியால். தேவாரம் ஊர்க்காரர், அவரும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், முறுக்கு மீசை. பெண் பார்க்க வந்த அன்றே எல்லைக் கதையை எடுத்துவிட்டார். காஷ்மீர் பனியில் குப்புறப் படுத்தபடி எதிரியைக் குறிபார்த்தாராம். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கர்ணனும் அருணாசலப் பிரதேசத்து மலையில் ஒரு ராத்திரி முழுக்கச் சுட்டுத் தள்ளினார். மலை நிஜம், குளிர் நிஜம். கையில் கரண்டிக்குப் பதில் துப்பாக்கி இருந்தது மட்டும்தான் பொய்.

கோட்டைச்சாமி எழுந்து வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். "நகை நட்டு ஒண்ணும் வேணாம் சம்மந்தி. எல்லையில துப்பாக்கியோட நின்ன வீட்டுப் பொண்ணு, அது போதும் எம்மகன் திலீபனுக்கு" என்றார்.

அந்தச் சொல்தான் இப்போது கர்ணனை அடுப்புப் பக்கம் போகவிடாமல் தடுத்தது.

"தாலி ஏறல இன்னும். கரண்டியும் கையுமா அந்த மனுசன் என்னையப் பாத்தாருன்னா? 'ஏமாத்திட்டீக'ன்னு மகனைக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாருன்னா?"

"முதல் பந்தி மாப்ள வீட்டாருக்கு. அவுக எலையில சோறு விழலைன்னா மட்டும் சும்மா இருப்பாகளா? நம்ம புள்ள காலம் பூரா அந்த வீட்டுல பேச்சு வாங்கும். ஒங்க கௌரவமா, புள்ளையா? நீங்களே சொல்லுங்க."

கர்ணனுக்குக் கோபம் வந்தது. கோபம் தணிந்ததும் பயம் வந்தது. கதவிடுக்கில் தெரிந்த மகளைப் பார்த்தார். கூரைப்புடவையில் அவள் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பயமும் போய்விட்டது.

"பாத்தாப் பாக்கட்டும்டி" என்று சட்டையைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தார். "எத்தனை சிப்பாய்க்கு ஆக்கிப் போட்டிருக்கேன், இந்தக் கூட்டம் எனக்கு ஒரு கூட்டமா? முகூர்த்தம் முடியறப்ப சாம்பார் கொதிச்சு எறங்கியிருக்கும். நீ மேடையைப் பாத்துக்க, தாரை வார்க்கக் கூப்பிடு."

எதிரே அழகர் வந்தான்.

"சம்மந்தி எங்கன இருக்காரு மாப்ள?"

"ஆளைக் காணோம் மச்சான். சவரம் பண்ண வெந்நி கேட்டுக்கிட்டு இருந்தாராம். வெளிய எங்கனயாச்சும் காலாற நடக்கப் போயிருப்பாரு."

நல்லதாகப் போயிற்று. தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, மண்டபத்தைச் சுற்றி, கர்ணன் பின்பக்கமாக நடந்தார். காய்கறி நேற்றே நறுக்கியாகிவிட்டது. பருப்பை முதலில் போட்டுவிட்டால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு அதன் போக்கில் கணக்குப் போட்டது. சமையற்கட்டு சாத்திக் கிடந்தது. மெல்லத் தள்ளினார்.

உள்ளே மூன்று அடுப்பும் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தன. பருப்பு வேகும் வாசனை முகத்தில் வந்து மோதியது. நல்லகண்ணு எப்படியோ வந்து சேர்ந்துவிட்டான் என்று கர்ணன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அப்புறம்தான் புகைக்குள் அந்த ஆளைப் பார்த்தார். ஆறடி உயரம், வெற்று உடம்பு, அரை முகத்தில் காய்ந்த சவரச் சோப்பு. அண்டாவுக்குள் கரண்டியைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்த கோட்டைச்சாமி, கதவுச் சத்தம் கேட்டும் திரும்பவே இல்லை.

"எவன்டா அது, கதவைச் சாத்து! வந்து அந்த அரிசியைக் களைஞ்சு போடு. மலைக்காத, லங்கர்லயே காலத்தை ஓட்டுனவன் நான். ஆனா ஒண்ணு, எங்க சம்மந்தி காதுல மட்டும் இது விழுந்துறக் கூடாது. அவரு துப்பாக்கி புடிச்ச மனுசரு!"