கரையான் அரித்த பதிவேடு

“கரையான் அரிச்சிடுச்சும்மா,” என்றார் மேலாளர். பிறகு என் பக்கம் திரும்பினார். “என்ன பூட்டு, நீங்களே சொல்லுங்க.”

பூட்டு என்பது நான். ஆலையின் ஆவண அறைக்குப் பத்தொன்பது வருடமாக நான்தான் பொறுப்பு. அதற்கு முன்னால் ஸ்டோரில் இருந்தேன். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

நான் தலையை ஆட்ட வேண்டும். அதற்குத்தான் கூப்பிட்டிருந்தார்.

மேசைக்கு எதிரே நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவளுடைய அப்பா எங்கள் அரவைப் பிரிவில் பதினோரு வருடம் கல்லை அரைத்தவர். அரைத்ததில் பாதியை மூச்சோடு உள்ளே இழுத்துக்கொண்டார் போலிருக்கிறது. இப்போது நுரையீரலில் காற்றுக்கு இடமில்லை.

தூசி நோய்க்கென்று இருக்கும் மருத்துவமனையில் படுக்கை ஒதுக்கியிருக்கிறார்கள். அவர் அரவையில் வேலை பார்த்தார் என்பதற்கு ஒரே ஒரு தாள் வேண்டும். நாளைக்குள் கொடுக்காவிட்டால் படுக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஆலையோ அவரைத் தோட்டக்காரர் என்கிறது. பழைய வருகைப் பதிவேட்டைப் பாருங்களேன் என்று அவள் கேட்டாள். அதற்குத்தான் இந்தக் கரையான்.

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரை நினைத்து ஏறவில்லை. கரையானை நினைத்துத்தான்.

என் அறையிலா கரையான்?

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் அடுக்கே நிற்கும். தரைக்கும் முதல் தட்டுக்கும் ஒரு முழம் இடைவெளி. அடுக்கின் ஒவ்வொரு காலும் எண்ணெய்க் கிண்ணத்துக்குள். அந்துருண்டை மாதம் இரண்டு தடவை மாறும். அந்த வாசனை சட்டையை விட்டுப் போகாததால், எத்தனை நெரிசல் பேருந்திலும் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும்.

மழை பிடித்தால் வீட்டில் ஒழுகுகிற இடத்துக்கு வாளி வைக்காமல் ஆலைக்கு ஓடிவருகிறவன் நான். அந்தக் காகிதத்தையே கட்டிக்கொண்டிருக்கலாமே என்பாள் என் மனைவி. யோசிக்க வேண்டிய விஷயம்தான். காகிதம் எதிர்த்துப் பேசாது.

இதே மேலாளர் ஒரு நாள் டீ டம்ளரோடு உள்ளே வரப்பார்த்தார். வாசலிலேயே நிறுத்தி டம்ளரை வாங்கி வைத்தவன் நான். அந்த மனுஷர் இப்போது வாய் கூசாமல் கரையான் என்கிறார்.

வெள்ளம் என்று சொல்லியிருக்கலாம். தீ என்று சொல்லியிருக்கலாம். அதெல்லாம் தலைவிதி. கரையான் என்றால் அது என் மேல் குற்றம்.

“அஞ்சு நிமிஷம் சார்,” என்றேன்.

மூன்று நிமிடத்தில் திரும்பிவிட்டேன். நான்காவது அடுக்கு, இரண்டாம் தட்டு, வலமிருந்து ஆறாவது. எடுத்த நேரத்தைப் புத்தகத்தில் எழுதி, இரண்டு பூட்டையும் பூட்டி, இழுத்தும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கோபத்துக்காக ஒழுங்கை விட முடியுமா?

துணியைப் பிரித்துப் பதிவேட்டை மேசையில் விரித்தேன். இருபத்திரண்டு வருடத்துத் தாள். ஊசி நுழைகிற அளவுக்குக்கூட ஓட்டை இல்லை. கண்காட்சியில் தன் பூசணிக்காய்க்குப் பரிசு வாங்கியவன் மாதிரி நின்றேன்.

இடது பக்கத்தின் தலைப்பில் அவள் அப்பா பெயர். அரவைப் பிரிவு. கீழே வரிசையாக முப்பது தேதிகள்.

அவள் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தாள். எடுக்கவேயில்லை.

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து வந்து, தோளில் கைபோட்டு, என்னை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார்.

“சரி, எடுத்தாச்சு. ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க. இடது பக்கம் மட்டும். வலது பக்கத்து மேல ஒரு வெள்ளைத்தாளை வச்சு மறைச்சிடுங்க.” குரலை இன்னும் தாழ்த்தினார். “எனக்காக இல்லய்யா. உங்களுக்காகத்தான் சொல்றேன். ஓய்வுக்கு எட்டு மாசம்தானே இருக்கு?”

கரையானையும் எனக்காகத்தான் அவர் உள்ளே விட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஓட்டை இல்லாத பெருமையில் வலது பக்கத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

கோபம் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. ஆள் மட்டும் மாறியது.

ஜெராக்ஸ் இயந்திரம் அந்த அறை மூலையிலேயே இருந்தது. வெள்ளைத்தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பதிவேட்டை இரண்டு பக்கமும் படிய விரித்துக் கண்ணாடியில் கவிழ்த்தேன். பின்னால் மேலாளர் இருமினார்.

படி சூடாக வந்து விழுந்தது. அவள் அங்கேயே நின்று படித்தாள். இடது பக்கம் வருகை. வலது பக்கம் முகமூடி கொடுத்ததற்கு ஸ்டோர் குமாஸ்தாவின் கையெழுத்து. தேதிக்குத் தேதி அவள் விரல் இடமிருந்து வலம் போய்க்கொண்டிருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமையில் நின்றது. ஆலை மூடியிருந்த நாள். வருகைக் கட்டம் வெறுமை. முகமூடி மட்டும் கொடுக்கப்பட்டிருந்தது.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மாதம் பிறந்ததும், ஒன்றாம் தேதி காலையிலேயே, முப்பது நாளுக்கும் ஒரே மூச்சில் போட்டு முடித்த கையெழுத்து.

“அப்பா முகமூடியைக் கண்ணால பார்த்ததே இல்லம்பாரு,” என்றாள் அவள். “யாரு சார் இது?”

“நான்தாம்மா,” என்றேன்.