சுவரின் மேல் விரித்த பாய்

மேலே இன்னொரு தளம் எழுப்பும்போது உதவுமென்று, மொட்டை மாடியின் நான்கு மூலைகளிலும் தணிகாசலம் கம்பிகளை நீட்டி விட்டுப் பதினாறு வருடமாகிறது. மகன் கல்யாணத்துக்குள் கட்டிவிடுவதாகத் திட்டம். தரையில் அறைகளைச் சாக்பீஸால் வரைந்து வைத்திருந்தார். மழை அழித்தால் மறுநாளே டேப் பிடித்து அளந்து மறுபடி வரைவார். ஒருநாளும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. வாசலுக்கென்று விட்ட இடைவெளி வழியாகத்தான் போவார், வருவார்.

அன்று சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் மேலே வந்தவர், மனைவி வேதவல்லி பாய் விரித்துப் படுத்திருப்பதைக் கண்டு பதறினார்.

“வேதா, செவுத்து மேல படுத்திருக்கியே!”

“இங்கதாங்க காத்து வருது. வாங்க.”

வாசல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகத் திரும்பியவர் சற்று நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோட்டை மிதித்து நேராக வந்து அவள் பக்கத்தில் மல்லாந்தார். காற்று பட்டதும் அப்பாடா என்று நீளமாக ஒரு மூச்சு வந்தது.

“தல பையன் ரூம்ல இருக்கு, காலு பூஜை ரூம்ல,” என்றாள் வேதவல்லி, சிரிக்காமல்.

காலை இழுத்துக்கொள்ளப் போனவர் அப்படியே விட்டுவிட்டார்.

“இருக்கட்டும்.”

கூரை வரவேண்டிய இடத்தின் குறுக்கே ஒரு கொக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது.