விளக்கு போட்ட கோடு

ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போய் மரம் அறுக்கும் இயந்திரம் ஒன்றில் ஒரு ரம்பம் இருந்தது. அதன் தலைக்கு மேல் ஒருநாள் முதலாளி செவத்தியான் லேசர் விளக்கு ஒன்றை மாட்டினார். அறுக்க வேண்டிய கட்டையின் மீது சிவப்புக் கோடு விழுந்தது. அன்றிலிருந்து பலகை நேராக வந்தபோதெல்லாம், “எல்லாம் என் கோடு!” என்றது விளக்கு. ரம்பம் பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தது.

ஒருமுறை மேடுபள்ளமான பாதையில் குலுங்கி வந்ததில் விளக்கின் திருகு தளர்ந்துவிட்டது. கதவுக்கென்று வைத்திருந்த பலாக்கட்டையின் மீது கோடு சாய்ந்து விழுந்தது.

“ஐயா, கோணலா நிக்கிறீங்க,” என்றது ரம்பம்.

“நான் வெளிச்சம். வெளிச்சம் எங்கேயாவது கோணுமா? உன் வேலையைப் பாரு.”

செவத்தியான் கோட்டுக்குத் தோதாகக் கட்டையைத் திருப்பி வைத்தார். ரம்பத்துக்குத் தன் தடத்தை விட்டு விலக வழியில்லை. ஒரு முனை தடியாகவும் மறுமுனை மெலிசாகவும் பலகை வந்து விழுந்தது.

“கோடு அவ்வளவு நேரா இருந்துச்சே! இந்த ரம்பம்தான் இழுத்துட்டுப் போயிருச்சு,” என்று செவத்தியான் அதைக் கழற்றிப் பழைய இரும்போடு எறிந்தார்.

“நானே சொல்லணும்னு நெனச்சேன்,” என்றது விளக்கு.

குப்பையில் கிடந்தபடி ரம்பம் பார்த்துக்கொண்டிருந்தது. புது ரம்பத்தைப் பூட்டி அறுத்த பலகையும் அதே கோணலாக வந்தது. செவத்தியான் பலகையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், நெடுநேரம் தாடையைச் சொறிந்தார்.

“ஒரு விளக்கு பத்தாது,” என்றார்.