கைக்குச் சேர்ந்த அம்பு

“இன்னுங் கொஞ்சம் இழுங்க. நாண் காது வரைக்கும் வரோணும்ங்க.”

குமாரசாமி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஆளுயர மூங்கில் வில் முனகியபடி வளைந்தது. நாச்சியம்மாள் ஒரு நூலை எடுத்து, வில்லைப் பிடித்திருந்த அவருடைய இடது கைப்பிடியிலிருந்து காது வரை பிடித்து அளந்து, முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

“வில்லு அம்சமா இருக்குதுங் அம்மணி. ஒடைஞ்சு போன என்ற பழைய வில்லோட இழுவை அப்பிடியே இருக்குது.”

“நீங்க சொன்ன அளவுக்குத்தான் செஞ்சனுங்க. இனி அம்புதான் சேரோணும்.”

காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் குமாரசாமிக்கு இப்போது அந்த அம்புதான் மானப் பிரச்சினை. விஜயதசமியன்று அவர்கள் ஊர்ச் சாமி வேட்டைக்குப் புறப்படும்போது, நட்டுவைத்த வாழையில் முதல் அம்பு எய்கிற உரிமை அவர் குடும்பத்துக்கு. பழைய வில் ஒடிந்ததிலிருந்தே சனி பிடித்துக்கொண்டது. இரவல் வில்லை நம்பி எய்ததில், போன இரண்டு வருடமும் அம்பு வாழையை விட்டுவிட்டு வேலியில் போய் விழுந்தது. இந்தத் தொண்ணூற்றாறிலும் தவறினால் உரிமை பங்காளி வீட்டுக்கு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. இன்னும் பத்தே நாள். காந்திபுரத்துக் கடைகளில் பைபர் வில்லைக் காட்டினார்கள். சாமி காரியத்துக்கு அது ஆகுமா? அங்கே ஒரு கடைக்காரர்தான் மலையடிவாரத்தில் வில்லும் அம்பும் செய்கிற நாச்சியம்மாளைப் பற்றிச் சொன்னார். போன மாதம் வந்து அளவு சொல்லிவிட்டுப் போனவர், இன்று வில்லை வாங்க வந்திருந்தார்.

பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மைல் நடை. பக்கத்தில் வேறு வீடு கிடையாது. பின்னாலேயே காடு. பட்டப்பகலில் ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லாதது அவருக்கு என்னவோபோல் இருந்தது.

“ஊட்டுல சொல்லிப்போட்டு வந்தீங்களாங்க?” என்று கேட்டாள்.

“எங்கீங்க. பங்காளிக்குத் தெரிஞ்சா சிரிப்பான். மில்லுக்கு சாமான் வாங்கப் போறேன்னு சொல்லிப்போட்டு வந்தேன்.”

“நல்லதுங்க.”

எதில் நல்லது என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

முப்பது தப்படி தள்ளி ஒரு வாழைத்தண்டை நிறுத்தியிருந்தாள். முதல் அம்பு இடப்பக்கம் ஓடியது.

“அம்போட தடி விறைப்புங்க. விறைச்சா அந்தப் பக்கந்தான் ஓடும்.”

இரண்டாவது, வலப்பக்கம்.

“இது துவளுதுங்க.”

மூன்று, நான்கு என்று ஒன்பது அம்பு போயும் வாழைத்தண்டுக்கு ஒரு கீறல் விழவில்லை. குமாரசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. அதைவிட அவரை உறுத்தியது வேறொன்று. அம்பு எங்கே போகிறது என்று அந்தப் பெண்பிள்ளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஒன்பது தடவையும் கண் இமைக்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ற கையிலதான் குத்தமோ என்னமோ” என்றார், ஏதாவது பேச வேண்டுமே என்று.

“எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு சொல்லுவாங்க. ஆனா இங்க குத்தம் அம்புலதானுங்க. மரத்தம்பு ஒவ்வொண்ணும் ஒரு கைக்கும் ஒரு இழுவைக்குந்தான் சேரும். அடுத்தவங்க கையில நேராப் போவாதுங்க.”

உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து ஒரு துணிச்சுருளோடு வந்தாள். பிரித்தால், கறுத்துப்போன ஒரு பழைய அம்பு. முடிச்சுப் போட்ட நூலை அதன்மேல் வைத்துப் பிடித்தாள். முடிச்சு சரியாக இரும்பு முனையின் கழுத்தில் போய் உட்கார்ந்தது.

“இதை உட்டுப் பாருங்க.”

“ரொம்பப் பழசா இருக்குதுங்களே?”

“வர்றவங்க எல்லாத்துக்கும் இதைக் குடுத்துப் பாக்கறதுதானுங்க. பன்னெண்டு வருசமா ஒருத்தருக்கும் சேரல.”

நாணில் ஏற்றியபோதே விரல்களுக்கு அது பழகிய பொருளாகத் தெரிந்தது. விட்டார். வாழைத்தண்டின் நட்டநடுவில் பொதக்கென்று இறங்கியது.

குமாரசாமிக்கு உயிர் வந்தது. உரிமை நிலைத்தது, இனி பங்காளி மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான் பார்க்கலாம். வில்லை அவளிடம் நீட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி ஓடினார். அம்பைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார். இறகு கட்டிய இடத்தில் நூலுக்குப் பதில் செம்புக் கம்பி.

“அட, இது என்ற அம்புங் அம்மணி” என்று அங்கிருந்தே கத்தினார். “நானே சீவுனது. மோட்டார் காயில் கம்பியில இறகு கட்டறவன் நானொருத்தந்தானுங்க. எம்பத்துநாலுல இந்தக் காட்டுக்குத் திருட்டு வேட்டைக்கு வந்தேன். பொதருக்குள்ள பன்னி அசைஞ்சுது. ஒரே அம்புதான், உறுமிக்கிட்டு உழுந்துச்சு. பாரஸ்ட் கார்டு விசில் கேட்டுதுன்னு தேடாமயே ஓடிப்போட்டேன். அந்தப் பன்னி உங்க கையிலதான் கெடைச்சுதுங்களா?”

கேட்டபடியே திரும்பினார். புது வில்லைப் பிடித்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். நாணில் ஓர் அம்பு ஏறியிருந்தது.

“அது பன்னி இல்லீங்க” என்றாள் நாச்சியம்மாள், மரியாதை துளியும் குறையாமல். “வெறகுக்குப் போன எங்க ஊட்டுக்காரருங்க. அவரு நெஞ்சுல இருந்து நாந்தான் அதை உருவுனேன். எய்த கையைக் கண்டுபுடிக்கோணும்னுதானுங்க இந்தத் தொழிலுக்கே வந்தேன்.”