வேலை தெரியாதவன்

தலையணையை முகத்தின் மேல் வைத்து அவன் அழுத்தினான். “நல்லா அழுத்து” என்றார் பின்னால் நின்ற இன்ஸ்பெக்டர். கட்டிலில் கிடந்த உருவம் திமிறவில்லை. அது சட்டை மாட்டிவிட்ட, சுருட்டிய மெத்தை.

கொலையை எப்படிச் செய்தேன் என்று திருடன் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். தலையை மூடிய கறுப்புத் துணியில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அடையாள அணிவகுப்பு முடியும்வரை முகத்தை யாருக்கும் காட்டக் கூடாதாம்.

அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தையல் கம்பெனியில் ஒரு கூட்டத்தையே மேய்க்கும் சூப்பர்வைசர் அவர். கோணல் தையல் கண்ணில் பட்டால் போதும், ஆளை எழுப்பிவிட்டுத் தானே மெஷினில் உட்கார்ந்து தைத்துக் காட்டினால்தான் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

இந்த அறையில்தான் அவருடைய மாமனார் ஒரு நடுப்பகலில் மூச்சை அமுக்கிக் கொல்லப்பட்டுக் கிடந்தார். முகத்தின் மேல் தலையணை இருந்தது. அந்த நேரத்தில் கம்பெனியில் இருந்தேன் என்று மாப்பிள்ளை தலைபாடாக அடித்துக்கொண்டும் ஒருத்தரும் நம்பவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்றால் எல்லோருக்கும் இளக்காரம். தெரு ஜாடையாகப் பேசியது, கட்டிய மனைவியே முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வேறொரு வழக்கில் பிடிபட்ட இந்தத் திருடன் கொலையையும் ஒப்புக்கொண்டுவிட்டான் என்று சேதி வந்த பிறகுதான் அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடி தாங்காமல் ஒப்புக்கொண்டானோ, புத்தி பிசகி ஒப்புக்கொண்டானோ, அந்த ஆராய்ச்சியெல்லாம் அவருக்கு வேண்டாம். ஒழுங்காகச் சொல்லித் தொலைத்தால் கேஸ் முடியும்.

அந்த ஒழுங்குதான் இல்லை. ஜன்னல் வழியாக வந்தேன் என்று துணிக்குள்ளிருந்து முனகியவன், ஜன்னல் எந்தப் பக்கம் என்று தேடினான். இந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு ஜன்னல் ஏறிக் குதித்தானாம். போதாக்குறைக்கு, மடித்துவிட்ட பேன்ட்டுக்குக் கீழே கணுக்காலைச் சுற்றிச் சாக்ஸ் போட்டு வெளுத்த வளையம். களவாணிப் பயலுக்கு ஷூ கேட்கிறது என்று மாப்பிள்ளை மனதுக்குள் காறித் துப்பினார்.

இன்ஸ்பெக்டர் அவனுக்கும் மேல். மீசையே இன்னும் சரியாக அரும்பாத அந்த ஆளுக்கு, அப்புறம் என்ன செஞ்சே என்பதைத் தவிர வேறு கேள்வி வராது போலிருந்தது. முன்பு மாப்பிள்ளையை ஸ்டேஷனில் உட்காரவைத்துக் குடைகுடையென்று குடைந்தவரும் இவர்தான். அதற்கு ஒப்புக்குக்கூட ஒரு வருத்தம் தெரிவிக்கவில்லை.

திருடன் கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றபடியே தலையணையின் இரண்டு ஓரத்தையும் நுனிவிரலால் பிடித்துக்கொண்டிருந்தான். தூங்குகிற குழந்தைக்குப் போர்த்திவிடுவது மாதிரி இருந்தது.

“எங்கப்பா சிமென்ட் மூட்டையத் தனியாத் தூக்குற ஆளு” என்றாள் மாப்பிள்ளையின் மனைவி, அதுவரை வாயே திறக்காதவள். “இப்படி அழுத்தியா செத்தாரு? இவன் பொய் சொல்றான் சார்.”

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். அவள் சொல்வதும் நியாயம்தான், இந்த வாக்குமூலம் கோர்ட்டில் ஒரு நிமிஷம் தாங்காது, மறுபடி வீட்டு ஆட்களிடமிருந்தே விசாரணையை ஆரம்பிக்க வேண்டியதுதான் என்று இழுத்தார்.

மாப்பிள்ளைக்குக் குப்பென்று வியர்த்தது. கைக்கு எட்டிய நிம்மதியை ஒரு கையாலாகாதவன் கெடுத்துக்கொண்டிருக்கிறான். ஆள் பயந்திருக்கிறான், பதற்றத்தில் மறந்திருப்பான், இன்னொரு தரம் செய்யச் சொல்லுங்கள் என்று திருடனுக்காக அவரே வக்காலத்து வாங்கினார்.

திருடன் இன்னொரு தரம் செய்தான், முன்னைவிடக் கேவலமாக. தலையணை வழுக்கிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் கட்டில் காலில் இடித்துக்கொண்டு “அம்மா” என்று தலையைத் தடவினான்.

மாப்பிள்ளைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இரண்டே எட்டில் உள்ளே வந்து, கம்பெனியில் கற்றுக்குட்டியைத் தள்ளுவது போலவே அவனைத் தோளால் இடித்துத் தள்ளினார். தலையணையைப் பிடுங்கிக்கொண்டார்.

“நகரு. நின்னுக்கிட்டு அழுத்தினா மனுஷன் உதைச்சுத் தள்ளிட மாட்டாரா? முட்டிய மொதல்ல நெஞ்சுல ஊனணும். இந்தா, இடது விலாவுல. முழு பாரத்தையும் போட்டாத்தான் திமிற முடியாது. அதுக்கப்புறம்தான் தலையணை.”

மெத்தை அமுங்கியது, கட்டில் கிறீச்சிட்டது. வேலையைச் சுத்தமாகச் செய்து காட்டிய திருப்தியோடு நிமிர்ந்த மாப்பிள்ளை, இப்படித்தானே செய்தாய் என்று திருடனைக் கேட்டார். மனைவி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மெத்தை மேலிருந்த அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இடது விலா எலும்பு ஒடிஞ்சிருந்தத நாங்க வெளிய யாருக்கும் சொல்லல சார்” என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. “பெத்த பொண்ணுக்குக்கூடத் தெரியாது.”

பிறகு அவர் கறுப்புத் துணிக்காரனிடம் திரும்பினார்.

“ஏட்டய்யா, துணியக் கழட்டிட்டு சாருக்கு விலங்கு மாட்டுங்க.”