நாலு அஞ்சில் நின்ற கம்ப்யூட்டர்

"சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சுங்க."

மூன்றாவது தடவையாக அதையே சொன்னாள் கடைக்காரப் பெண் ஹிபா. முகூர்த்த நாள் என்று அன்னூரில் மற்ற கம்ப்யூட்டர் கடையெல்லாம் பூட்டிக் கிடக்க, திறந்திருந்த ஒரே கடையில் இப்படி ஒருத்தி. இருப்பதும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

எனக்கு வேண்டியது ஒரு பிரிண்ட். நாளைக் காலையில் பாஸ்போர்ட் ஆபீஸில் காட்ட வேண்டிய தாள். எனக்கு முன்னால் கோழிப்பண்ணை ஆறுச்சாமி, தன் மகளோடு.

"என்ன ஹேங்கு? திரையில அம்பு நல்லாத்தானே ஓடுது!" என்றார் அவர்.

"அம்பு ஓடுதுங்கண்ணா. கீழே இருக்கிற பட்டைதான் செத்துப்போச்சு. பிரவுசர், வைஃபை எல்லாம் அதுலதான் இருக்கு. பாருங்க, அசையவே மாட்டேங்குது." டக் டக் என்று மவுஸை அழுத்திக் காட்டினாள். "இது விண்டோஸ் இல்லீங்க, லினக்ஸ். அப்பப்ப இப்படி ஆகும்."

"லினக்ஸோ கினக்ஸோ, அஞ்சு மணிக்குள்ள என் வேலை முடியோணும் அம்மணி. நாலு மணிக்கு நான் வாரப்ப நல்லாத்தான் இருந்துச்சு. அப்ளிகேஷன் நம்பர் வண்டிப் பையில இருந்துச்சுன்னு போய் எடுத்துட்டு வாரதுக்குள்ள இப்படிப் பண்ணி வெச்சிருக்கறே!"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, இருக்கிற ஒரு மெஷினை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதவளுக்கு எதுக்குக் கடை?"

ஹிபா ஒரு துணியை எடுத்தாள். ஆடி அசைந்து மவுஸைத் துடைத்தாள். துடைத்தால் சரியாகிவிடுமாக்கும்!

"அப்படி என்னங்க அவசர வேலை?" என்று ஆறுச்சாமியிடம் கேட்டேன். அவர் முடித்தால்தானே நான்.

"பாப்பாவுக்குச் சென்னையில மாட்டு டாக்டர் சீட்டு கெடச்சுதுங்க. அதை வேண்டாம்னு எழுதிப் போடோணும். போன்ல அந்தப் பக்கமே தொறக்க மாட்டேங்குது. அஞ்சு மணியோட லிங்க்கை மூடிர்றாங்களாம். அவிநாசியில ஒரு நல்ல எடம் அமைஞ்சிருக்குதுங்க. சீட்டை விட்டதுக்குத் தாளைக் கண்ணுல பார்த்தாத்தான் நாளைக்கு நிச்சயத்துக்கு வாரோம்ங்கறாங்க."

மகள் வர்ஷினி ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனி சிவந்து கிடந்தது.

"பாப்பாவுக்குச் சம்மதங்களாண்ணா?" என்றாள் ஹிபா.

"நீ கம்ப்யூட்டரைப் பாரு கண்ணு."

அவர் வீட்டுக் கல்யாணம் அவர் பாடு. எனக்கு என் பிரிண்ட் வேண்டும். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்மா! இதையுமா ஒருத்தர் சொல்லணும்?"

ஆஃப் செய்தாள். அரதப் பழசு மெஷின். எழுந்திரிக்கவே பத்து நிமிஷம் ஆனது. எழுந்தும் என்ன? அதே திரை, அதே பட்டை. அழுத்தினால் அசைவில்லை.

ஆறுச்சாமியின் போன் அலறியது. "ஆச்சுங்க, ஆயிட்டே இருக்குதுங்க சம்பந்தி" என்று வாசலுக்குப் போனார்.

எனக்குப் பொறுமை போயே போய்விட்டது. "எந்திரி. எங்க வீட்டிலயும் என் பையன் ரோஹன் இதே லினக்ஸைத்தான் தலையில கட்டிட்டுப் போயிருக்கான். ஒரு வரி டைப் பண்ணினா இந்தப் பட்டைக்கு உயிர் வந்துரும்."

"அக்கா, வேண்டாங்க..."

"நகரு!"

கன்ட்ரோல், ஆல்ட், டி. மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். கறுப்பு விண்டோ பட்டென்று வந்து நின்றது. டைப் பண்ணப் போனவள், பட்டையின் ஓரத்தில் இருந்த மணியைப் பார்த்தேன். 4:05.

என் வாட்ச்சில் நாலு முப்பத்தெட்டு. ஹேங் ஆனால் மணி நிற்கும், சரி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணின பிறகும் அதே நாலு அஞ்சா?

கறுப்பு விண்டோவைப் பிடித்துக் கீழே இழுத்தேன். அது பட்டையின் மேலேயே போய் உட்கார்ந்து, அதை முழுசாக மறைத்தது. எங்கள் வீட்டில் எந்த விண்டோவை இழுத்தாலும் பட்டைதான் மேலே நிற்கும்.

அது பட்டையே இல்லை. பட்டையின் படம்! திரையை அப்படியே படம் பிடித்து, அதையே பின்னணியாக ஒட்டிவிட்டு, நிஜப் பட்டையை ஒளித்து வைத்திருக்கிறாள். வந்த வேலையைச் சொல்லிவிட்டு அவர் வண்டிவரை போய்வந்த அந்த இரண்டு நிமிஷத்தில்.

திரும்பினேன். ஹிபாவின் விரல்கள் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. பார்வை என் மேல் இல்லை, வர்ஷினி மேல். அந்தப் பெண்ணோ எதுவும் தெரியாமல் துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க அம்மணி, சரியாச்சுங்களா?" பின்னால் ஆறுச்சாமியின் குரல்.

சட்டென்று கறுப்பு விண்டோவை மேலே தள்ளினேன். கைக்கு வந்ததையெல்லாம் அதில் நாலு வரி தட்டினேன். உதட்டைப் பிதுக்கினேன்.

"இது பெரிய கோளாறுங்க. இந்தப் புள்ளையால ஆகாது, நானே உட்கார்ந்து பார்க்கிறேன்" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "எப்படியும் அஞ்சே கால் ஆயிருமுங்க."