இரண்டடி ரியூப் லைற்

"அடுத்த வீட்டு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு இருந்தால்…" என்று தொடங்கி அப்பா ஏதோ சொல்லுவார். மிச்சம் செபஸ்தியனுக்கு ஞாபகமில்லை.

எதிர்வீட்டு வரதராசாவின் பொலிஸ் பதிவுப் படிவம் நாலு நாளாக அவருடைய மேசையில் கிடந்தது. கையெழுத்து வைக்காததற்குக் காரணம் ஒரு மீன் தொட்டி.

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் இருவருக்கும் எதிரெதிர்க் கதவு. செபஸ்தியன் துறைமுகத்தில் கிளார்க், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். வரதராசா போன வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த பெடியன், பின்னேரங்களில் வெள்ளவத்தையில் ரியூஷன் கொடுப்பவன்.

அவனுடைய தொட்டியில் செடிகள் வயல் மாதிரிப் பச்சை. மேலே ஒரு பலகையில் பூட்டிய இரண்டடி ரியூப் லைற், எந்த மூலைக்கடையிலும் கிடைக்கிற சாமான்.

செபஸ்தியனின் தொட்டிக்கு மேல் கொள்ளுப்பிட்டியில் அரை மாதச் சம்பளம் கொடுத்து வாங்கிய லைற். நாலு ரியூப், வெளிநாட்டுச் சாமான். கீழே பாசிதான். கண்ணாடியில் பாசி, கல்லில் பாசி, செடியில் பாசி.

கோயிலால் வந்த ஃபாதர்கூட எதிர்வீட்டுத் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுத்தான் தேத்தண்ணி குடித்தார். அன்றைக்குச் செபஸ்தியனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெட்கத்தை விட்டு ஒருமுறை கேட்டும் பார்த்தார்.

"சாதாரண வெள்ளை ரியூப்தான், அண்ணை. ஒரு நாளைக்கு ஆறேழு மணித்தியாலம் காணும். கூடினால் பாசி பிடிக்கும்," என்றான் வரதராசா.

செபஸ்தியன் நம்பவில்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் செடி வளருமாம், ஆருக்குக் காது குத்துகிறான்? விடிய ஆறு மணிக்குப் போடுகிற லைற்றைப் படுக்கும்வரை நிற்பாட்டுவதில்லை என்று வைராக்கியமாக நின்றார். அது மின்வெட்டு வருடம். கரண்ட் இல்லாமல் போன மணித்தியாலங்களையும் ஞாபகம் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்த்து எரியவிட்டார்.

திடீரென்று அவருடைய தொட்டியும் தெளியத் தொடங்கியது. பாசி உதிர்ந்தது, தளிர் வந்தது. அடுத்தமுறை ஃபாதரைக் கையில் பிடித்து உள்ளே இழுத்துவந்து காட்டினார். வரதராசாவையும் கூப்பிட்டு, நல்ல லைற் என்றால் பலன் வரக் கொஞ்சம் பொறுக்கவேண்டும் என்று வகுப்பெடுத்தார்.

"ஓம், அண்ணை," என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பும் எரிச்சலாகத்தான் இருந்தது. அவனுடைய தொட்டி இன்னும் ஒருபடி கூடப் பச்சை.

திங்கட்கிழமை அவன் அந்தப் படிவத்தோடு வந்தான். கொழும்பில் நிரந்தரமாக இருக்கிற ஒருவர், இவனை எனக்குத் தெரியும் என்று கையெழுத்து வைத்து, பொலிசுக்கும் நேரில் வரவேண்டுமாம். வீட்டுக்காரர் கனடாவில். பதிவில்லாததால் சோதனைச் சாவடியில் இரண்டுதரம் பிடித்து வைத்துவிட்டார்களாம். சனிக்கிழமைக்குள் பதியாவிட்டால் வீட்டை விடவேண்டும்.

"பார்ப்பம், தம்பி," என்றார் செபஸ்தியன்.

செவ்வாய் நேரமில்லை. புதன் தலையிடி. வியாழன் கண்ணாடியை ஒபீசில் விட்டுவிட்டார். ஒவ்வொருமுறை அவன் வாசலில் நிற்கும்போதும் இவருடைய கண் அவனுடைய தோளைத் தாண்டி அந்தத் தொட்டிக்குத்தான் போனது. போனால் போகட்டும், தொட்டியும் சேர்ந்து போகும் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவர் துரத்தவில்லை.

வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் ஏதோ சோதனையென்று எல்லோரையும் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கரண்ட் இருந்தும் நாலு ரியூப் லைற் அணைந்திருந்தது. வரதராசா முழங்கைவரை அவருடைய தொட்டிக்குள் கையை விட்டு, செடியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ர தொட்டிக்குள்ள உமக்கென்ன வேலை?"

அவன் கையை எடுத்தான். தண்ணீர் சொட்டச் சொட்ட, "ஒண்டுமில்லை, அண்ணை," என்று முணுமுணுத்துவிட்டு எதிர்வீட்டுக்குள் போய்விட்டான்.

செபஸ்தியன் மேசையிலிருந்த படிவத்தை எடுத்தார். பொறாமை பிடித்தவன், நான் இல்லாத நேரம் பார்த்து நாசம் பண்ண வந்திருக்கிறான், இவனுக்கா நான் சாட்சி என்று மனைவியிடம் கத்தினார்.

மாக்ரெட் குசினி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"கிழிக்கிறதெண்டால் கிழியுங்கோ. ஆனால் கேட்டுப்போட்டுக் கிழியுங்கோ."

பிறகு அவளே எல்லாம் சொன்னாள். அவர் வேலைக்குப் போனதும் ஒன்பது மணிக்கு லைற்றை அணைத்து, நாலு மணிக்குத் திரும்பப் போடுகிறவள் அவள்தான். பின்னேர மின்வெட்டும் போக ஆறேழு மணித்தியாலம்தான் எரியும். அப்படிச் செய்யச் சொன்னவன் வரதராசா. அழுகிய இலைகளைக் கிள்ளி எடுக்கிறவனும் அவன்தான். பழைய செடிகள் எப்போதோ செத்துவிட்டன. ஃபாதருக்குக் காட்டிய தளிர்கள் அவன் தன் தொட்டியிலிருந்து பிடுங்கி வந்து நட்டவை.

செபஸ்தியன் தொட்டியைப் பார்த்தார்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அவர்தான் வேண்டாமெண்டவர். அண்ணை ஆசைப்பட்டு வாங்கின லைற், அதாலதான் வளருது எண்டு நினைச்சுச் சந்தோசப்படட்டும் எண்டு."

"சும்மா கதை. கையெழுத்துக்காகக் குழையடிச்சுக் காரியம் பாக்கிறான்."

"படிவம் வந்தது இந்தத் திங்கள்," என்றாள் மாக்ரெட். "அவர் செடி நட்டது அந்தோனியார் கோயிலில கொடியேறின கிழமை. அதுக்கு இப்ப ஒரு மாசம்."

சனிக்கிழமை வேலைக்கு லீவு போட்டு, வரதராசாவோடு தானே பொலிசுக்குப் போவதென்று செபஸ்தியன் முடிவெடுத்தார்.